முப்பத்தேழாம் நம்பர் டப்பா

மாமா உள்ளே போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். நீலத் தகரக் கதவு மூடியே இருக்கிறது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம்கூட இல்லை. நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கிறேன் என்று தெரியக் கூடாது என்பதற்காக வாளியில் இரண்டு துணியைப் போட்டு ஒரு கையால் அலசிக்கொண்டிருக்கிறேன், அலசின துணியையே திரும்ப அலசுகிறேன். கக்கூஸுக்குள் மாமனார் உட்கார்ந்திருக்க, எப்போது வருவார் என்று மருமகள் வாசலில் காத்து நிற்கிறாள் என்று யாராவது பார்த்தால் போதும், ஒரு வாரத்துக்கு ஊருக்குப் பேச்சு. பார்த்தால் பார்க்கட்டும். எட்டே முக்காலுக்கு பஸ். ஐஸ் பெட்டியில் பனிக்கட்டி வைத்தாயிற்று, பதினொரு டப்பா உள்ளே படுத்திருக்கிறது, பன்னிரண்டாவதுக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த இடத்துக்குத்தான் இத்தனை பாடு. பாப்பா என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கிறாள். வைத்துக்கொள்ளடி, நீ என் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்தால் போதும், இன்று உன்னை இறக்கி விட மாட்டேன். போன தடவை உன்னை இறக்கி விட்டதில்தான் இவ்வளவும் வந்தது.

டப்பா வேலைக்கு நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. டவுனில் இருக்கிற மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, குடலில் வருகிற புற்றுநோயை முன்கூட்டியே பிடிப்பதற்கு. எங்கள் பக்கம் மூன்று ஊருக்கு நான்தான் ஆள். ஐம்பது வயது தாண்டினவர்கள் வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு டப்பா கொடுக்க வேண்டும், மூடியிலேயே சின்னக் கரண்டி ஒட்டியிருக்கும், காலையில் போகும்போது ஒரு கரண்டி எடுத்துப் போட்டு மூடித் தர வேண்டும், நான் வாங்கி நம்பர் ஒட்டிப் பெட்டியில் வைத்து பஸ் ஏறுவேன். முதல் நாள் கண்டக்டர் பெட்டியைத் தட்டி மீனா என்று கேட்டார். மீன் இல்லீங்க, மனுசங்கதான் என்றேன். அதற்கப்புறம் அவர் பெட்டி இருக்கிற பக்கமே வருவதில்லை, டிக்கெட்டை எட்டி நின்று நீட்டுகிறார். ஊரில் எனக்கு டப்பாக்காரி என்று பேர் ஆகிவிட்டது. ஏம்மா வாணி, எங்க வீட்டுதுக்கு எத்தனை மார்க் போட்டாங்க என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். பாஸ் மார்க்தான், கொஞ்சம் கையெழுத்து சரியில்லையாம் என்பேன். சிரித்தால்தான் கொடுப்பார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒருத்தரிடம் போய் அதைக் கேட்டு வாங்க முடியுமா. சேர்ந்தபோது இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். டாக்டர் நளாயினியம்மா சொன்னதில் இரண்டு விஷயம் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. ஒன்று, நம் வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் கிருமி குடியிருக்கிறது, பாதிக்கு மேல் நமக்கு வேண்டியது, குடலில் கட்டி வர ஆரம்பித்தால் அந்தக் குடித்தனம் மாறும், சிலது கூடும் சிலது ஓடிப்போகும். கம்ப்யூட்டருக்கு நோய் இருந்த ஆயிரக்கணக்கான பேர் பட்டியல், நோய் இல்லாத ஆயிரக்கணக்கான பேர் பட்டியல், இரண்டையும் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். யாரை முதலில் குழாய் விட்டுப் பார்க்கணும் என்று மட்டும் அது சொல்லும், தீர்ப்பு சொல்லாது, தப்பும் பண்ணும், அதனால்தான் இன்னும் ஆராய்ச்சி என்று பேர் என்றார். இரண்டாவது, யாராவது வாயைத் திறந்து ரத்தம் போகிறது என்று சொல்லிவிட்டால் டப்பாவுக்குக் காத்திருக்காதே, ஆளைக் கூட்டிக்கொண்டு வா.

வாயைத் திறந்து. அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, அவர்கள் வகையில் அப்படித்தான், மருமகள் முகம் பார்த்து மாமனார் பேசுவது மரியாதை இல்லை. அத்தை என் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார், என் வீட்டுக்காரர் பூபதிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை, சத்தீஸ்கர் பக்கம் போனால் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேர் பேசாமல் எப்படிக் குடித்தனம் பண்ணுவது. அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். எருமையிடம் சொல்லுவார். "ஏ எரும, எனக்குச் சோறு இப்ப வேண்டாம், சந்தைக்குப் போய்ட்டு வாறேன்" என்று கட்டுத்தறியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார், எருமை அசை போடும், நான் சோற்றை மூடி வைப்பேன். முதல் ஆறு மாதம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது, அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். அப்புறம் நானும் எருமையிடமே பதில் சொல்லப் பழகிவிட்டேன். ஏ எரும, சந்தையிலிருந்து வெங்காயம் வேணுமாம். வரும். சின்ன வெங்காயம் என்று சொன்னால் சின்ன வெங்காயம் வரும். நாலு வருசம் அப்படி ஓடியது, பாப்பா பிறந்ததும் எருமைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். இப்போது எல்லாம் பாப்பா வழியாகத்தான். பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது, அம்மா, தாத்தாவைக் கூப்பிட அப்பாரு, பூ, காக்கா, நாலு சொல்தான் வரும். அந்த நாலு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வீடே நடக்கிறது. மின்சாரக் கட்டணம், மாட்டுக்குத் தவிடு, பூபதி எப்போது வருகிறார், எல்லாம் இவள் தலைக்கு மேலாகப் போய் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு ரத்தம் போகிறதா என்று ஒரு கைக்குழந்தையிடம் எப்படிக் கேட்பது. எருமையிடமாவது கேட்டிருக்கலாம்.

இல்லை, எருமையிடமும் முடியாது. நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், கேட்க எனக்குத்தான் நாக்கு எழவில்லை. ஊரெல்லாம் போய்க் கேட்கிறவள் சொந்த வீட்டில் போன மாதம் என்ன செய்தேன், மாட்டுக் கொட்டகைச் சுவரில் டப்பாவை வைத்துவிட்டு, பாப்பா, அப்பாருக்கு ஒரு டப்பா வெச்சிருக்குதுன்னு சொல்லு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கேள்விக் காகிதத்தில் பத்துக் கேள்வி இருக்கிறது, மலத்தில் ரத்தம் உண்டா என்பது ஆறாவது. ஊரில் எல்லோரிடமும் வாய்விட்டுப் படிக்கிறேன். மாமாவுக்கு மட்டும் நானே இல்லை இல்லை இல்லை என்று பத்துக்கும் டிக் அடித்தேன். அடித்தபோது ஆறாவதில் பேனா கொஞ்சம்கூட நிற்கவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் குத்துகிறது. மறுநாள் காலை டப்பா சுத்தமாக மூடி, மஞ்சள் பையில் சுற்றி அதே சுவரில் இருந்தது. அன்றைக்குக் கொடியில் பாப்பாவின் துணி ஒன்று ஏற்கனவே துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. நான் துவைக்கவில்லை. மாமா தன் தட்டைக் கழுவிக்கூட நான் பார்த்ததில்லை, பேத்தியின் துணியைத் துவைத்துப் போட்டிருக்கிறார் என்றதும் எனக்கு ஒரே சந்தோசம், பூபதிக்கு போன் பண்ணி உங்கப்பா திருந்திட்டாருங்க என்று சொன்னேன். ஐயோ, எவ்வளவு சிரித்தேன். நாற்பது டப்பாவும் விடாமல் சேர்த்துக் கொடுத்த ஒரே ஆள் நீதான் என்று கல்லூரியில் பாராட்டினார்கள், அதில் முப்பத்தேழாம் நம்பர் மாமாவுடையது.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து மேரி சிஸ்டர் போனில் கூப்பிட்டார். "வாணி, முப்பத்தேழாம் நம்பர் அறுபத்தொரு வயசு ஆம்பளைன்னு எழுதியிருக்கியே, அந்த ஆளு இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாரா?" பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம் போனில் கேட்டது. பால் குடிக்கிற குழந்தை வயிற்றில் அதற்கென்று ஒரு வகைக் கிருமி நிறைய இருக்குமாம், பெரியவர்கள் வயிற்றில் அந்த அளவுக்கு இருக்காதாம், வயதும் கிருமியும் ஒத்துவரவில்லை என்று கம்ப்யூட்டர் அந்த ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டது. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு முன்னால் வரும், புத்தி பின்னால் வரும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். சிரித்து முடித்த பிறகு காது சூடாகியது, ஏனென்றால் பாப்பாவுக்குப் பாலை நிறுத்தியாயிற்று என்று என் அம்மாவிடம் நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். வேப்பிலை அரைத்துத் தடவினேன், ரெண்டு நாள் அழுதாள், மறந்துட்டாள் என்று கதையாகவே சொன்னேன். தடவவும் இல்லை, மறக்கவும் இல்லை. சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவளை மடியில் போட்டுக்கொள்கிற அந்தப் பத்து நிமிசத்தை எனக்கு விட மனசில்லை. அது எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். எங்கேயோ ஒரு கண்ணாடி அறையில் இருக்கிற பெட்டிக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல், வீட்டுக்கு வராமல், ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு. இன்று காலையில் இட்லி மாவைக் கிளறும்போதும் இதையேதான் நினைத்தேன். மாவு பொங்கியிருந்தது. பொங்க வைத்ததும் கிருமிதான் என்று டாக்டரம்மா சொன்னார், அன்றிலிருந்து மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் என் வயிறுதான் ஞாபகம் வருகிறது. மழை பெய்தால் மாவு தாமதமாகப் பொங்கும், வெயில் என்றால் வழியும், உள்ளே இருப்பதற்கு வெளியே நடப்பது தெரிகிறது. பாப்பா பால் குடிக்கிறாள் என்று அவள் வயிற்றிலிருப்பதற்குத் தெரிகிறது. அப்படியானால் மாமாவின் வயிற்றிலிருப்பதற்கு என்னவெல்லாம் தெரியும்.

மேரி சிஸ்டர் போன் பண்ணின அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் சிரிப்பு நின்றது. சங்ககிரி கேட் மூடியிருந்தது, சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது, நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நடுவில் விட்டுவிட்டேன். ஒரு மனுசன் எதற்குப் பேத்தியுடையதை எடுத்து வைக்க வேண்டும். மருமகள் கையில் தன்னுடையதைக் கொடுக்கக் கூச்சம், அவ்வளவுதான், வேறென்ன. கூச்சம் என்றால் வேண்டாம் என்று எருமையிடமோ பாப்பாவிடமோ சொல்லியிருப்பார், எத்தனை பேர் சொன்னார்கள், வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சொந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். கொடுத்துவிட்டால் கேள்வி வராது. கொடுத்தது குற்றம் இல்லாத டப்பாவாகவும் இருக்க வேண்டும். பாப்பாவுடையதை விடக் குற்றம் இல்லாதது எங்கே கிடைக்கும். அப்படியானால் தன்னுடையதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ரயிலின் கடைசிப் பெட்டி போனதும் எனக்கு அந்தக் கைலி கண்ணில் வந்தது. மாமா வெள்ளை வேட்டி தவிர எதுவும் கட்ட மாட்டார், காட்டுக்குப் போனாலும் வெள்ளைதான், மண் கறையோடு நான்தான் நீலம் போட்டு அலசுவேன். சித்திரை நோம்பிக்கு அப்புறம் திடீரென்று இரண்டு கைலி வாங்கி வந்தார். காவி நிறத்தில் ஒன்று, கருஞ்சிவப்பில் ஒன்று. தானே துவைத்துக் கொட்டகைக்குப் பின்னால் காயப் போட்டார். வயசான காலத்தில் மாப்பிள்ளைக்கு மோகம் வந்துட்டது என்று நான் அதைப் படம் எடுத்து பூபதிக்கு அனுப்பி, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டேன். கருஞ்சிவப்பு. வேறு எந்த நிறமும் கடையில் இல்லையா. பச்சை இருந்திருக்குமே, நீலக் கட்டம் இருந்திருக்குமே. துணியைத் துவைக்கிறவளுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும், துவைக்கிற வேலை குறைந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஏழு மாதம். எனக்குத் திரும்பத் திரும்ப அந்தச் சிரிக்கிற பொம்மைதான் ஞாபகம் வருகிறது, இப்போதும் போனைத் திறந்து மேலே தள்ளினால் அது அங்கேயே சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

பயம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், பெரிய மாமா. குடலில் கட்டி, கண்டுபிடிக்கும்போது முற்றிவிட்டது, வெட்டி எடுத்துவிட்டு, மலம் இறங்குவதற்கு வயிற்றில் பை மாட்டி அனுப்பினார்கள். நான் வந்த புதிதில் ஒரு வீடு குடிபுகும் விசேசத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தார், சட்டைக்குள் அந்தப் பை புடைத்துத் தெரிந்தது, தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பக்கத்து இலைக்காரர் மூக்கை வேட்டியால் மூடவில்லை, மூடியிருந்தாலாவது பரவாயில்லை, இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார். அந்தக் காலி இடத்தில் மாமா போய் உட்கார்ந்தார். ஏற்கனவே சாப்பிட்டு முடித்துக் கைகழுவினவர் திரும்ப ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார், பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார், அண்ணனிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே. அன்றைக்கு ராத்திரி வயிறு கனத்துத் தூங்காமல் நடந்தார் என்று பூபதி சொன்னார். அதற்கப்புறம் பெரிய மாமா எந்த விசேசத்துக்கும் வரவில்லை. இன்று மாமா ஒரு பந்தியில் பையோடு உட்கார்ந்தால் பக்கத்து இலையில் யார் வந்து உட்காருவது, அவருக்கு இருந்த ஒரே அண்ணனும் இல்லை. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார், சின்ன மொட்டாக இருக்கும்போது பிடித்தால் அந்தக் குழாய் வழியாகவே நறுக்கி எடுத்துவிடலாம், பையே வேண்டியதில்லை, பை மாட்டினாலும் நிறையப் பேருக்குச் சில மாதத்தில் எடுத்துவிடுவோம் என்று. இதை எல்லார் வீட்டிலும் ஒப்பிக்கிறேன். மூலமாகவும் இருக்கலாம், ரத்தம் என்றாலே அது என்று இல்லை என்றும் ஒப்பிக்கிறேன். இந்த வீட்டில் ஒப்பிக்கவில்லை.

கதவுக்குள் ஏதோ உரசின சத்தம். பாப்பா திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை, பல்லியாக இருக்கும், இல்லாவிட்டால் காலை மாற்றி உட்கார்ந்திருப்பார், முட்டி வலிக்காரர், இத்தனை நேரம் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா. மயங்கி விழுந்துவிட்டால். உள்ளே கொண்டி போட்டிருக்கிறது, தகரம்தான், கடப்பாரையால் நெம்பினால் வந்துவிடும், கடப்பாரை எங்கே, தென்னம்பிள்ளைக் குழி தோண்டினதற்கு அப்புறம் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்தது திரும்பி வரவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாமா. என்னவென்று கூப்பிடுவது, நான் இதுவரை மாமா என்று வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்லை. பாப்பாவைக் கூப்பிடச் சொல்லலாம். அப்பாருன்னு கூப்பிடு கண்ணு. இவள் காக்கா என்கிறாள். வேப்பமரத்தில் நிஜமாகவே காக்கா உட்கார்ந்திருக்கிறது. டப்பா விசயத்தை அவரிடம் நேற்றுச் சாயங்காலம் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் சொன்னேன், ஐந்து நாள் தள்ளித் தள்ளிப் போட்டு. பூபதியிடம் முதலில் சொல்லியிருந்தேன். போனில் கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே சிரித்தார், அப்புறம் கைலி விசயம் சொன்னதும் சிரிக்கவில்லை, ஒண்ணும் இருக்காது, மிளகாய் தின்னிருப்பாரு என்றார், அப்புறம் நீ கேட்டுரு என்றார். மகன் கேட்க மாட்டார், மருமகள் கேட்கணும். சரி என்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துச் சொன்னேன். "பாப்பா, அப்பாருகிட்டச் சொல்லு. அந்த டப்பா பால் குடிக்கிற புள்ளையோடதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருச்சாம். புது டப்பா செவுத்து மேல இருக்குதாம்." மாமாவின் கை சோற்றில் நின்றது. ரசம் ஊற்றின சோறு, கை நனைந்தபடியே நின்றது. எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு வெட்கம், திருடனைப் பிடித்தவளுக்கு வருகிற வெட்கம். அப்புறம் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார், தட்டிலேயே கைகழுவினார், எழுந்து போய்விட்டார். எருமையிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் சுவரில் டப்பா இல்லை, சோளக்காட்டுப் பக்கம் போகிறவர் இந்த வீட்டில் கக்கூஸ் கட்டி ஆறு வருசத்தில் முதல் தடவையாக உள்ளே போய்க் கொண்டி போட்டிருக்கிறார்.

மணி எட்டு இருபத்தைந்து. பாப்பா இன்னும் வெளிக்குப் போகவில்லை, அதனால் இது அவளுடையது இல்லை, அது ஒன்று நிச்சயம். எருமைச் சாணியைப் போட்டுவிடுவாரோ. போட்டால் கம்ப்யூட்டர் சொல்லிவிடும், முப்பத்தேழாம் நம்பர் புல் தின்கிறது என்று, மேரி சிஸ்டர் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார். சிரிப்பு வருகிறது. இந்த நேரத்திலும் வருகிறது, என்ன ஜென்மமோ. தன்னுடையதையே போட்டால், அதற்கப்புறம் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நோய் ஒன்றும் இல்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி சொன்னால்? தப்பும் பண்ணும் என்று டாக்டரம்மாவே சொன்னாரே. ஒன்றும் இல்லை என்று காகிதத்தில் வந்துவிட்டால் மாமா அந்தக் காகிதத்தை மடித்து அத்தை படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, கருஞ்சிவப்புக் கைலியைக் கட்டிக்கொண்டு இன்னும் ஏழு மாதம் நடப்பார். நானும் சந்தோசமாக இருந்துவிடுவேன். பெட்டிக்கு வயிறுதான் தெரியும், கைலி தெரியாது. கைலியைப் பார்த்தவள் நான். பால் குடிக்கிறதைக் கண்டுபிடித்ததே என்று ஐந்து நாளாக அதையே நினைத்து வியந்துகொண்டிருக்கிறேன், அது கண்டுபிடித்த விசயமெல்லாம் இந்த வீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கக் கூடியதுதான். துவைத்த துணியைப் பார்த்தேன். கைலியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டுக்கும் சிரித்தேன். ஆறாவது கேள்விக்கு டிக் அடித்தது என் கைதான், அதை எந்தப் பெட்டியும் திருத்தாது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. கொண்டி விலகியது. நான் குனிந்து அலசின துணியைப் பிழிந்தேன், தலையைத் தூக்கவில்லை. அவர் கால்தான் தெரிந்தது, ஈரக் கால், கருஞ்சிவப்புக் கைலியின் ஓரம். மெதுவாக வந்து துவைக்கிற கல்லின் மேல் மஞ்சள் பையை வைத்தார், என் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஆனால் என் கையில் இல்லை. போய்விடுவார் என்று நினைத்தேன். கால் நகரவில்லை.

"பாப்பா" என்றார். "இது எம்படதுதான்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

பாப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டி, "அப்பாரு" என்றாள்.

"ரத்தம் போவுதுன்னும் சொல்லு. பங்குனியிலிருந்து."

வேப்பமரத்துக் காக்கா இன்னும் இருந்தது. நான் மஞ்சள் பையைப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் விட்டு வைத்த இடம் நினைவுக்கு வந்தது, எடுத்து அதில் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது, மூன்று வாரம் யாரும் எதுவும் பேச வேண்டாம். பிழிந்த துணியைத் திரும்ப வாளிக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

"பாப்பா, அப்பாருகிட்டச் சொல்லு" என்றேன். "ரத்தம்னா டப்பாவுக்குக் காத்திருக்கக் கூடாதாம். ஆளுதான் வரணுமாம். இப்பவே, இந்த பஸ்ஸுக்கே. வேட்டி மாத்த வேண்டாமாம், அந்தக் கைலியே போதுமாம்."

கைலியே போதும் என்றதும் கால் ஒன்று பின்னால் போனது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பைப்படிக்குப் போய்ச் சோப்பை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும். கழுவிவிட்டுத் திரும்பவும் தேய்த்தார். நுரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணனாட்டப் பை மாட்டுவாங்களான்னு கேளு, பாப்பா."

மாட்ட மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரில் நாற்பது வீட்டில் ஒப்பித்த பாடம் அத்தனையும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது, எது இவருக்கு, எது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். "தெரியலையாம்" என்றேன். "பாத்தாத்தான் தெரியுமாம். ஏழு மாசம்கிறது ரொம்ப நாள் இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாலும் சொல்லுவாங்களாம். மாட்டினா, எந்தப் பந்தியா இருந்தாலும் பக்கத்து எலையில நான் உக்காந்துக்குவேன்னு சொல்லு."

சொல்லிவிட்ட பிறகுதான் அது எவ்வளவு நடக்காத காரியம் என்று உறைத்தது. மாமனார் பக்கத்தில் மருமகள் பந்தியில் உட்காருவது எங்கள் பக்கம் எங்கேயும் கிடையாது. மாமா குழாயை மூடினார். கையை உதறினார், கைலியில் துடைத்தார், துடைத்ததைப் பார்த்துவிட்டுத் துண்டில் இன்னொரு தடவை துடைத்தார். டவுன் பக்கம் கிளம்பின பஸ் மேட்டில் ஹாரன் அடித்தது, இன்னும் பத்து நிமிசத்தில் நம்மூர் நிறுத்தம்.

"வாணி" என்றார். "புள்ளையக் குடு. நீ போய்ச் சீல மாத்தீட்டு வா."

கட்டுத்தறியில் எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது.